வாத்தியாராக வரப்போகும் ஹவில்தார் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய ஆடியோவைக் கேட்டேன். உன் பெரியம்மாவும் கேட்டாள். "பேசுறானா, பரேடு நடத்துறானா?" என்றாள். அடுத்த வருஷம் டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்கு வருகிறாய், பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேரலாமா என்று கேட்கிறாய். உன்னைப் போல இன்னும் பலர் கேட்கிறார்கள். அதனால் பத்திரிகையிலேயே பதில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே, உன் பேரைப் போடவில்லை.

முதலில் ஒரு சபாஷ். நம் புதுச்சேரியில் பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களுக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. பிரெஞ்சுக்காரர்களோடு இந்தோசீனா வரை போய்த் திரும்பிய 'சொல்தா' (சிப்பாய்) தாத்தாக்களை நீ சின்ன வயசில் பார்த்திருப்பாய். நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு வந்து, திண்ணையில் உட்கார்ந்து பென்ஷன் எப்போது வரும் என்று பேசுவார்கள். நீ திண்ணை வேண்டாம் என்கிறாய். சந்தோஷம்.

ஆனால் "பி.எட். எல்லாம் எதுக்கு? ரெக்ரூட்டுகளுக்கு உஸ்தாதா இருந்தவன் நான்" என்று ஒரு வார்த்தை விட்டாயே, அங்கேதான் இடிக்கிறது. பதினைந்து வருஷம் சர்வீஸ் போட்டவனைச் சில அரசு வேலைகளுக்குப் பட்டதாரிக்குச் சமமாக எடுத்துக்கொள்வார்கள், உண்மை. வாத்தியார் வேலைக்கு அது செல்லாது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எடுக்க ஆசிரியர் பயிற்சி டிப்ளமா வேண்டும். அதற்கு மேல் என்றால் டிகிரியும் பி.எட்.டும். எட்டாம் வகுப்பு வரை 'டெட்' என்ற ஆசிரியர் தகுதித் தேர்வும் எழுதியாக வேண்டும். விளையாட்டு வாத்தியார் என்றால் பி.பி.எட். இதில் குறுக்கு வழி சொல்கிறேன் என்று யாராவது வந்தால் காசு கொடுத்துவிடாதே.

"நாற்பது வயசில் போய்ச் சின்னப் பசங்களோட பெஞ்சில் உட்காரணுமா?" என்று முனகுவாய். விட்கென்ஸ்டைன் உட்கார்ந்தார். இருபதாம் நூற்றாண்டின் பெரிய தத்துவ மேதைகளில் ஒருவர். முதல் உலகப்போரில் ஆஸ்திரியப் பீரங்கிப் படையில் இருந்தவர், வீரத்துக்குப் பதக்கம் வாங்கியவர், கடைசியில் இத்தாலியில் போர்க்கைதி. வியன்னாவின் பெரும் பணக்காரக் குடும்பம். திரும்பி வந்ததும் தன் பங்குச் சொத்தை உடன்பிறந்தவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, முப்பது வயசில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். 1920ல் டிராட்டன்பாக் என்ற மலைக் கிராமத்தில் ஆரம்பப் பள்ளி வாத்தியார்.

அவர் கதையை மிச்சமும் கேள். அது உனக்காகவே நடந்தது போல இருக்கும். பிள்ளைகளோடு சேர்ந்து பூனையின் எலும்புக்கூட்டைக் கோத்து வைத்தார். வியன்னாவுக்குக் கூட்டிப்போய்க் கட்டடங்களையும் இயந்திரங்களையும் காட்டினார். பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ஒரு அகராதி தொகுத்தார், 1926ல் அச்சானது. இப்படி ஒரு வாத்தியார் கிடைக்க எந்த ஊரும் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஆனால் கணக்கு வராத பிள்ளையின் காதைத் திருகுவார், முடியைப் பிடித்து இழுப்பார். அதே 1926 ஏப்ரலில், ஓட்டர்தால் என்ற ஊரில், பதினோரு வயசுப் பையன் ஒருவனைத் தலையில் அடித்தார். பையன் மயங்கி விழுந்தான். அவர் வேலையை விட்டு விலகினார். பத்து வருஷம் கழித்து அந்தப் பக்கம் போய், வளர்ந்துவிட்ட மாணவர்களின் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டார். சிலர் ஏற்றுக்கொண்டார்கள். எல்லோரும் இல்லை.

"நான் அடிக்க மாட்டேன் பெரியப்பா, ஒரு அதட்டல் போடுவேன், அவ்வளவுதான்." தெரியும். உன் அதட்டல் இந்திரா காந்தி சிலை சிக்னல் வரை கேட்கும். 2009ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டத்தின் பதினேழாவது பிரிவைப் படி. உடலுக்கு மட்டுமில்லை, மனசுக்குக் கொடுக்கும் தண்டனைக்கும் தடை. சட்டத்தை விடு, காரணத்தைப் பார். உன் ரெக்ரூட் பதினேழரை வயசு தாண்டியவன், வேண்டும் என்று வரிசையில் நின்று சேர்ந்தவன். ஏழாம் வகுப்புப் பிள்ளை அப்படியா? அம்மா சீருடை மாட்டி அனுப்பினாள், வந்து உட்கார்ந்திருக்கிறது. உன் குரலுக்கு அது பயப்படும். பயந்தால் சந்தேகம் கேட்காது. கேட்காவிட்டால் புரிந்ததா இல்லையா என்று உனக்கு எப்படித் தெரியும்?

அப்படியென்றால் பட்டாளத்தில் கற்றது எல்லாம் வீணா என்று முகத்தைத் தூக்காதே. பட்டாளப் பொறியியல் பிரிவில் சாப்பர் அல்லவா நீ! ரெக்ரூட்டுக்குக் கயிற்றில் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுப்பதை லீவில் வந்தபோது நம் வீட்டுக் கொடிக்கயிற்றில் செய்து காட்டினாயே. முதல் தடவை உன் வேகத்தில். இரண்டாவது தடவை மெதுவாக, ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி. பிறகு கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு உன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாய். நான் தப்பாகச் சுற்றினேன், நீ பிடுங்கவில்லை. நானே அவிழ்க்கும் வரை நின்றாய். அந்தக் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளும் வித்தை இருக்கிறதே, அதை வைத்துப் பின்னக் கணக்கு நடத்திப் பார். அதட்டலை மட்டும் பெங்களூர் பயிற்சி சென்டரிலேயே ஒப்படைத்துவிட்டு வா.

முதல் நாளே எவனாவது எழுந்து "சார், எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்பான். பதில் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். ஆனால் பாடவேளையைக் கதாகாலட்சேபம் ஆக்கிவிடாதே. லடாக்கில் குக்கர் இல்லாமல் பருப்பு ஏன் வேகாது என்று கேள். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் நூறு டிகிரிக்கு வெகு முன்பே கொதித்துவிடும். நீ பசியோடு காத்திருந்த கதையில் அரைப் பாடம் முடிந்துவிடும்.

இன்னொன்று, இதைச் சிரிக்காமல் சொல்கிறேன். போன தீபாவளிக்கு நீ மொட்டை மாடிக்கு வராமல் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். வகுப்பில் பெஞ்சு விழும், டஸ்டர் விழும், பலூன் வெடிக்கும். பிள்ளைகள் முன்னால் நிற்பதற்கு முன் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்துவிடு. முன்னாள் ராணுவத்தினருக்கான ஈ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டை இதற்கும்தான். "எனக்கு ஒண்ணுமில்லை" என்று என்னிடம் சொல்லாதே, டாக்டர் சொல்லட்டும்.

அவசரப்படுவாய் என்பதால் நம் ஊர் ஆள் ஒருவரையும் சொல்கிறேன். பாரீசில் 1894ல் பிறந்தவர், பிலிப் பார்பியே சேன்திலேர். எக்கோல் பொலிதெக்னிக்கில் படித்த பொறியாளர், அதே முதல் உலகப்போரில் பிரெஞ்சுப் பீரங்கிப் படை அதிகாரி. விட்கென்ஸ்டைனுக்கு எதிர் அணி. போர் முடிந்ததும் நல்ல வேலையை உதறிவிட்டு ஜப்பான் போனார், மங்கோலியாவில் மடத்தில் இருந்தார், 1925ல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அரவிந்தர் வைத்த பெயர் பவித்ரா. ஆசிரமத்தில் முதலில் அவர் கையில் இருந்தது இயந்திரமும் ஒர்க்‌ஷாப்பும். ஆசிரமப் பள்ளி தொடங்கியது 1943 டிசம்பரில். 1951ல் கல்வி மையத்தின் பொறுப்புக்கு வந்தபோது அவருக்கு ஐம்பத்தேழு வயசு. 1969ல் கண் மூடும் வரை அதே வேலைதான். ஒரு பட்டாள அதிகாரி தலைமையில் நடந்த பள்ளி எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறாய்? பட்டம் கிடையாது, டிப்ளமா கிடையாது, பிள்ளைகள் அவரவர் போக்கில் முன்னேறட்டும் என்ற முறை. எனக்கு அந்த முறை முழுக்க ஒப்புதல் இல்லை, பட்டம் இல்லாமல் நம் வீட்டுப் பிள்ளைகள் எங்கே வேலைக்குப் போகும்? ஆனாலும் பீரங்கி பிடித்த கை இவ்வளவு தளர்த்திப் பிடிக்கக் கற்றிருக்கிறதே என்று வியக்கிறேன். உனக்கு நாற்பதுதான். பி.எட்.டுக்கு இரண்டு வருஷம் போனால் குடி முழுகாது.

கடைசியாகப் பணம். "பென்ஷன் இருக்கு, சம்பளம் எவ்வளவு கொடுத்தாலும் சரி" என்று பெருந்தன்மையாகச் சொன்னாய். இன்டர்வியூவில் இதை வாய் தவறியும் சொல்லிவிடாதே. தனியார் பள்ளி நிர்வாகத்தின் காதுக்கு இதைவிட இனிப்பான பேச்சு கிடையாது. உன்னைப் பாதிச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டு, அடுத்த வகுப்பில் அதே பாடம் எடுக்கும் டீச்சரிடம் "அவர் இதுக்கே வர்றாரே" என்பார்கள். அந்தம்மாவுக்குப் பென்ஷன் கிடையாது, வீட்டு வாடகை உண்டு. முழுச் சம்பளம் கேள். மிஞ்சினால் பிள்ளைகளுக்குப் பந்து வாங்கிக் கொடு.

சேர்க்கை விண்ணப்பத்துக்கு மார்க் ஷீட் எல்லாம் தேடி எடுத்து வை. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் எங்கள் பீரோவில்தான் இருக்கிறது, பயப்படாதே.

இப்படிக்கு,
உன் பெரியப்பா,
நெல்லித்தோப்பு