கொல்லையில் இருக்கு குளியல் சாமான்!

சோப்பு, ஷாம்பு, ஸ்க்ரப், லோஷன் என்று குளியலறைக்குப் போகிற காசை மட்டும் தனியாகக் கூட்டிப் பார்த்திருக்கிறீர்களா, தோழிகளே? வெயிலும் மழையும் மாற மாற உடம்பு கேட்பதும் மாறுகிறது. அது கேட்பதை அந்தந்தப் பருவத்தில் நம் வேலியோரமும் தொட்டிச் செடியும் உழவர் சந்தையும் கொடுத்துக்கொண்டேதான் இருக்கின்றன. கொல்லை இல்லாதவர்களுக்கு மொட்டைமாடி இருக்கிறது, கவலை வேண்டாம்.

1. பங்குனி, சித்திரை வெயிலில் வற்றல் போடும்போதே சீயக்காயையும் காயவைத்துவிடுங்கள். ஒரு கிலோ சீயக்காய்க்குக் கால் கிலோ பச்சைப்பயறு, கால் கிலோ வெந்தயம், கொட்டை நீக்கிய பூந்திக்காய் ஒரு கை, நிழலில் உலர்ந்த செம்பருத்தி இலை, சேர்த்து வைத்த எலுமிச்சைத் தோல். உடைத்தால் ‘டக்’கென்று சத்தம் வரும்வரை காயட்டும், ஈரம் இருந்தால் டப்பாவில் வண்டு வந்துவிடும்.

2. சீயக்காய்க்குத் தனி மெஷின் வைத்திருக்கும் மில்லாகப் பார்த்துக் கொடுங்கள். முகத்துக்கான பொடி என்றால், நமக்கு முன்னால் அரைத்தது என்ன என்று கேட்காமல் பையை நீட்டவே கூடாது. மிளகாய்த்தூளாக இருந்தால் அந்தக் குளியலை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டீர்கள்!

3. குளியல் பொடிக்கு அரை கிலோ பச்சைப்பயறுதான் அஸ்திவாரம். அதோடு கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு தலா 50 கிராம், காய்ந்த ஆவாரம்பூவும் பன்னீர் ரோஜா இதழும் இரண்டிரண்டு கை போதும். வீட்டு ஆண்கள் மஞ்சள் ஒட்டும் என்று முகம் சுளித்தால் மஞ்சள் சேர்க்காமல் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். அதற்கப்புறம் எந்தச் சாக்கும் செல்லாது.

4. சீயக்காய் தேய்த்தால் முடி வறண்டுபோகிறது என்பவர்கள் அதை வடிகஞ்சியில் கரைத்துத் தேய்த்துப் பாருங்கள். குக்கர் சாதம் வைக்கும் வீடுகளில் எண்ணெய் தேய்க்கிற நாளன்று மட்டும் பானையில் வடித்தால் ஆயிற்று, இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

5. ஆண்களுக்குச் சனி, பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்பது எண்ணெய்க் குளியலின் பழைய கணக்கு. வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு கிடைத்தாலே பாக்கியம். நல்லெண்ணெயைச் சூடாக்கக் கேஸ் செலவழிக்க வேண்டாம், கிண்ணத்தை வெந்நீர்ச் சொம்பின் மேல் வைத்தாலே இளஞ்சூடு வந்துவிடும். குளித்து முடித்ததும் தரையில் கொஞ்சம் கடலை மாவோ சீயக்காய்த் தூளோ தூவித் தேய்த்துக் கழுவிவிடுங்கள். அடுத்துக் குளிக்கப் போவது வீட்டுப் பெரியவராக இருந்தால் வழுக்கி விழும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

6. வாரத்தின் நடுவில் ஷாம்பு தேடுகிறீர்களா? பத்துப் பன்னிரண்டு செம்பருத்தி இலையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கையால் கசக்கினாலே வழவழவென்று சாறு வரும். வடிகட்டித் தேய்த்தால் சிக்கும் பிரிந்துவிடும். பறிக்கும்போது இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், மாவுப்பூச்சிக்குச் செம்பருத்தி என்றால் உயிர்.

7. கற்றாழை மடலை வெட்டிய கையோடு முகத்தில் தேய்க்காதீர்கள். வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி டம்ளரில் கால் மணி நேரம் நிற்கவைத்தால் மஞ்சள் பால் வடிந்துவிடும். சிலருக்கு அரிப்பைக் கொடுப்பது அதுதான். தோல் சீவிய சோற்றை நன்றாக அலசி, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் வெயிலில் அலைந்து வந்த முகத்துக்குத் தினம் ஒரு துண்டு ஆகும்.

8. இந்தப் பட்டியலில் எனக்கு ரொம்பப் பிடித்தது பீர்க்கங்காய் நார். கடையில் நைலான் நாரை வாங்கி, அது நைந்து குப்பைக்குப் போய், மறுபடி வாங்கி... எதற்கு? கொடியில் இரண்டு காயைப் பறிக்காமல் விடுங்கள். பழுப்பேறி, தூக்கினால் கனமே இல்லாமல், ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும்போது பறித்து, நுனியை நறுக்கிக் கவிழ்த்துத் தட்டினால் கறுப்பு விதைகள் கொட்டும். அவை அடுத்த விதைப்புக்கு. அரை மணி நேரம் தண்ணீரில் ஊறினால் தோல் தானாகக் கழன்றுவரும். கொழகொழப்புப் போக அலசி வெயிலில் போட்டு, மூன்று துண்டாக நறுக்கினால் வீட்டில் ஆளுக்கு ஒன்று. மென்மையாக வேண்டுமென்றால் நுரைப்பீர்க்கு விதை வாங்கிப் போடுங்கள். குளித்ததும் நாரைக் கொடியில் மாட்டிக் காயவிட வேண்டும். நைந்துபோனதும் உரக்குழியில் போட்டுவிடலாம்.

9. காலை ஆறு மணி வெயில் நடைக்கு இதம், ஆனால் விட்டமின் டி-க்கு அது காணாது. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்து வெயிலில்தான் அது தோலில் ஊறும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் கிடைக்காது. துணி உலர்த்துவது, வடாம் புரட்டுவது போன்ற மாடி வேலைகளைப் பத்தரை மணிக்குத் தள்ளி வைத்துக் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடுங்கள். கத்திரி நாட்களில் ஒன்பதரைக்கே நிழல் சுருங்கிவிடும், அப்போது அதுவே போதும்.

10. மண்பானையைச் சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள், நுண்துளைகள் அடைந்தால் தண்ணீர் கசியாது, குளிரவும் செய்யாது. தேங்காய் நாரால் வெறுந்தண்ணீரில் தேய்த்து, காற்று வருகிற ஜன்னலோரம் ஈர மணல் மேல் வையுங்கள். உள்ளே வெட்டிவேர் முடிச்சு ஒன்று. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எடுத்துக் காயவைத்துத் திரும்பப் போடலாம். வாசம் குறைந்ததும் புடவை பீரோவுக்கு மாற்றிவிடுங்கள்.

11. வேர்க்குருவுக்குப் பவுடரை அப்பினால் வியர்வைத் துளை இன்னும் அடைத்துக்கொள்ளும். நுங்கு சாப்பிட்டதும் அதன் தோலை வீசாமல், உட்பக்கத்து ஈரத்தை முதுகில் தடவிவிடுங்கள், எரிச்சல் தணியும். பருத்தி உடையும் பனையோலை விசிறியும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

12. கோடையில் காலையிலேயே ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கொத்து வேப்பிலை போட்டு மாடி வெயிலில் வைத்துவிடுங்கள். பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளுக்கு வெதுவெதுப்பான குளியல் தயார், கீஸர் வேண்டாம். வாளிக்கு மூடி அவசியம். இல்லாவிட்டால் காக்கை முந்திக்கொள்ளும்.

13. செம்புக் குடத்துத் தண்ணீர் நல்லதுதான். அதே செம்பில் மோர், எலுமிச்சைச் சாறு, ரசம் எதையும் ஊற்றிவைக்காதீர்கள், புளிப்புப் பட்டால் செம்பு கரைந்து இறங்கும். புளிச்சக்கையைத் தூக்கிப் போடாமல் குடம் தேய்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

14. ஐப்பசி மழையில் சேற்றுப்புண் வராமல் இருக்க ஒரே வழி விரலிடுக்கை உலரவைப்பது. வாசலிலேயே ஒரு பழைய பருத்தித் துண்டைத் தொங்கவிட்டால் எல்லோரும் துடைப்பார்கள். உள்ளே வைத்தால் ஒருவரும் துடைக்க மாட்டார்கள். நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்தால் காலைக்குள் ஈரம் இழுத்துவிடும்.

15. மூக்கடைப்புக்கு நொச்சி இலை ஆவி பிடிக்கும்போது பாத்திரத்தைக் கட்டில் மேல் வைக்காதீர்கள். தரையில் பிரிமணை மேல் அசையாமல் வையுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். மீந்த இலையைக் காயவைத்தால் சாயங்காலக் கொசுப் புகைக்கு ஆகும்.

16. பனிக்காலத்தில் பெரிய நெல்லிக்காய் மலிவு. துண்டு போட்டு உப்புப் பிசறிக் காயவைத்துவிட்டால் கோடைவரை வாயில் அடக்கிக்கொள்ளலாம்.

17. முருங்கைக்கீரை சமைத்த அன்று சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், கீரையின் இரும்புச்சத்தை டீ தடுத்துவிடும். ஒரு மணி நேரம் பொறுங்கள். கீரையில் எலுமிச்சை பிழிந்தால் சத்து கூடுதலாகச் சேரும்.

18. ‘அஞ்சு நிமிஷத்தில் கறுப்பாகப் பிடிக்கும்’ என்கிற மருதாணிக் கோனைத் தொடாதீர்கள். அதில் கலக்கும் தலைச்சாயம் தோலைக் கொப்புளிக்க வைக்கும். வேலியோர மருதாணியைக் கொட்டைப்பாக்கு, எலுமிச்சைச் சாறு சேர்த்து அரைத்துப் பூசுங்கள், ஆரஞ்சாகத் தொடங்கி மறுநாள்தான் சிவக்கும். உதிர்த்ததும் சோப்புப் போடாமல் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

19. செல்போனும் கம்ப்யூட்டருமாக இருக்கும் பிள்ளைகளின் மேஜையை மரம் தெரியும் ஜன்னல் பக்கம் திருப்பிப் போடுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் உள்ளதை 20 விநாடி பார்க்கச் சொல்வது கண் டாக்டர்கள் வழக்கம். அணில் வந்தால் அவர்களே பார்த்துவிடுவார்கள்.

20. குதிகால் வெடிப்புக்கு இரவில் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நாரால் தேய்த்து, விளக்கெண்ணெய் தடவிப் பழைய சாக்ஸ் போட்டுப் படுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் சூடு உறைக்காமல் போகலாம். தண்ணீரை வேறொருவர் கைவிட்டுப் பார்த்த பிறகே கால் வைக்க வேண்டும்.

21. பயற்றம்பொடியும் சீயக்காயும் போட்டுக் குளிக்கிற வீட்டில் அந்தத் தண்ணீரைச் சாக்கடைக்கு விடுவானேன்? குழாயை வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பிவிடுங்கள். கீரைப் பாத்திப் பக்கம் மட்டும் போகவேண்டாம், வாஷிங் மெஷின் தண்ணீரையும் இதோடு சேர்க்காதீர்கள்.