ஸ்டீராய்டு கொடுத்ததும் சர்க்கரை ஏன் ஏறியது?

கேள்வி: என் தந்தைக்கு 67 வயது. சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் பரவி, ஐ.சி.யு.வில் இருந்து போன வாரம்தான் வீடு திரும்பினார். அங்கே ஸ்டீராய்டு தொடங்கிய பிறகு சர்க்கரை ஏறிவிட்டது. மணிக்கொரு முறை விரலில் குத்திப் பார்த்தார்கள். நர்ஸுக்கு நிற்க நேரமில்லை. அந்த மருந்துதான் அப்பாவை மோசமாக்கியதா? இனி சர்க்கரை நோய் வந்துவிடுமா?
– ஆர்.வி., தஞ்சாவூர்

பதில்: மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், அம்மா. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், மருந்து கெடுதல் செய்ததாகத் தெரியவில்லை. சர்க்கரை ஏறுவது எதிர்பார்க்கும் பக்கவிளைவு. மருந்தை நிறுத்தியபின் பெரும்பாலானவர்களுக்கு இறங்கிவிடும்.

உங்கள் தந்தைக்கு வந்தது செப்டிக் ஷாக் (தொற்றின் விளைவாக ரத்த அழுத்தம் அபாயமாகச் சரியும் நிலை) என்று நினைக்கிறேன். இதற்கு முதலில் கொடுப்பது நார்அட்ரினலின் (தளர்ந்த ரத்தக் குழாய்களை இறுக்கும் மருந்து). இதன் வேகம் சில நிமிடங்கள்தான் நிற்கும். சிரிஞ்ச் தீர்ந்து ஓட்டம் தடைபட்டால் அழுத்தம் உடனே சரியும். அதனால் ஒன்று முடியுமுன் அடுத்ததைத் தயாராக வைக்க வேண்டும். சராசரி அழுத்தம் 65-க்குக் கீழே போகாதபடி அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். ஊசி இறங்கிய இடம் வீங்குகிறதா, விரல்கள் நீலம் பாய்கின்றனவா, இந்த மணி நேரத்தில் சிறுநீர் எவ்வளவு என்றெல்லாம் பார்க்க வேண்டும். ஐ.சி.யு. நர்ஸின் கையைக் கட்டிப்போடும் வேலை இதுதான்.

நார்அட்ரினலின் அளவு ஏறிக்கொண்டே போனால் ஹைட்ரோகார்ட்டிசோன் (ஸ்டீராய்டு) சேர்ப்போம், நாளுக்கு 200 மில்லிகிராம். ரத்தக் குழாய்கள் நார்அட்ரினலினுக்குக் கட்டுப்பட இது உதவும். பதிலுக்குச் சர்க்கரையை ஏற்றும். அதைக் குறைக்க இன்சுலின் ஓடும்போது மணிக்கொரு முறை குத்திப் பார்க்கத்தான் வேண்டும். நீங்கள் பார்த்த ஓட்டம் அதுதான்.

கூடுதல் வேலைக்குப் பலன் உண்டா? 2018-இல் வெளியான ‘அட்ரீனல்’ என்ற ஆய்வில் ஆஸ்திரேலியா, பிரிட்டன் உள்ளிட்ட நாடுகளின் சுமார் 3,700 நோயாளிகள் இருந்தனர். ஸ்டீராய்டு பெற்றவர்கள் ஷாக்கிலிருந்து மீள 3 நாள் ஆனது, மற்றவர்களுக்கு 4 நாள். ஐ.சி.யு.விலிருந்து வெளியேற 10 நாள், மற்றவர்களுக்கு 12. ஆனால் 90 நாளில் இறந்தவர்களின் விகிதத்தில் பெரிய வித்தியாசமில்லை. உயிர்காக்கும் மந்திரமல்ல இது. ஆனாலும் நார்அட்ரினலினிலிருந்து ஒரு நாள் முன்னதாக விடுபடுவதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. உடலில் செருகிய குழாய்களை முன்பே எடுக்கலாம், நோயாளியை எழுப்பி உட்காரவைக்கலாம். நர்ஸுக்குச் சில விரல் குத்தல்கள் கூடும், அந்த ஓயாத காவல் குறையும். நல்ல பேரம் என்பதே என் கருத்து.

இனி செய்ய வேண்டியது: வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் சர்க்கரையைப் பாருங்கள், சில வாரம் கழித்து மறுபடியும் பாருங்கள். அப்போதும் அதிகமிருந்தால், முன்பே சர்க்கரை நோய் இருந்து தெரியாமல் போயிருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். கால் தளர்ச்சி இருந்தால் பயப்படாமல் பிசியோதெரபி தொடங்குங்கள், பல வாரம் பிடிக்கும். நடுக்கத்துடன் காய்ச்சல், குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைவது – இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் டிஸ்சார்ஜ் சம்மரியுடன் மருத்துவமனைக்குப் போங்கள். ‘ஏற்கெனவே செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) வந்தவர்’ என்பதை முதலிலேயே சொல்லுங்கள். வீட்டில் ஸ்டீராய்டு மாத்திரை தொடர்ந்தால், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.