பளுவுக்கும் கணக்கு, ஓய்வுக்கும் கணக்கு

ஜொகூர் பாரு, மூவார், பத்து பஹாட், குளுவாங் ஆகிய ஊர்களில் நம்மவர் கடைகளில் வேலை செய்யும் வாலிபர்களிடையே, பளு தூக்கித் தேகத்தை வளர்க்கும் ஆசை சமீப காலமாகப் பெருகி வருகிறது. இரவு கடையை அடைத்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு நேரே ஜிம்முக்குப் போகிறார்கள். நல்ல பழக்கந்தான். சாப்பாட்டுக் கடையில் நள்ளிரவு வரை அமர்ந்து பேசிக்கொண்டிருப்பதைக் காட்டிலும் எவ்வளவோ மேல். ஆனால் வாரத்தில் ஏழு நாளும் போனால்தான் பலன் என்று அவர்களில் பலர் எண்ணுகிறார்கள். கல்லாவில் அமர்ந்திருக்கும் பெரியவர்களோ, "கடையில் மூட்டை தூக்குவது போதாதென்று காசு கொடுத்து இரும்பைத் தூக்க வேண்டுமா?" என்று கேட்கிறார்கள். இந்த இரு சாராரும் தவறுவது ஒரே இடத்தில்தான். தூக்கும் பளுவுக்கு ஒரு கணக்கு உண்டு. அதன் பின் எடுக்கும் ஓய்வுக்கும் ஒரு கணக்கு உண்டு. இந்த இரண்டாவது கணக்கை இருவருமே எழுதுவதில்லை.

முதலில் பெரியவர்களின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். நம் பாட்டனார் காலத்தில் கிட்டங்கியில் இறங்கிய அரிசி மூட்டைகள் ஆளை அழுத்தும் பாரம் கொண்டவை. இன்று கடைக்கு வரும் அரிசியோ பெரும்பாலும் 5 கிலோ, 10 கிலோப் பைகளில் வருகிறது. அதே பையை அதே தோளில் வைத்து, அதே தட்டுக்கு நூறு தடவை ஏற்றினால் தேகம் களைக்கும், தசை வளராது. பழகிப்போன வேலைக்காகத் தேகம் புதிய தசையைக் கட்டுவதில்லை. போதாக்குறைக்கு, அவசரத்தில் முதுகை வளைத்துத் தூக்குவதால் இடுப்புப் பிடிப்புத்தான் மிச்சம். தென்பாண்டிக் கிராமங்களில் இளவட்டக்கல் தூக்கும் வழக்கம் இருந்ததை ஊரிலிருந்து வந்தவர்கள் அறிவார்கள். அந்தக் கல்லை எவனும் முதல் நாளே தோளுக்குக் கொண்டுபோனதில்லை. முழங்கால் வரை, பிறகு நெஞ்சு வரை, பிறகு தோள் வரை என்று படிப்படியாகத்தான் ஏற்றினார்கள். படி ஏறுவதுதான் பயிற்சி. ஒரே படியில் நின்று உழைப்பதற்குப் பெயர் கூலி வேலை.

இனித் தசை எப்படி வளருகிறது என்று பார்ப்போம். பழக்கத்துக்கு மிஞ்சிய பளுவைத் தசை இழுக்கும்போது, அதன் நார்களுக்கு ஒரு வேலைக் கட்டளை போகிறது. அந்தக் கட்டளையின்படி, நாம் உண்ட ஆகாரத்திலுள்ள புரதத்தைக் கொண்டு தேகம் நார்களைத் தடிக்கச் செய்கிறது. இந்தக் கட்டுமானம் ஜிம்மில் நடப்பதில்லை. பளுவைக் கீழே வைத்து வீட்டுக்கு வந்த பின், ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு நாள் வரை அது நடந்துகொண்டிருக்கிறது. கொத்தனார் சுவர் எழுப்பிக்கொண்டிருக்கும்போதே மறுநாள் இரவு போய் அதே தசையை மீண்டும் முழு மூச்சாகக் கசக்கினால் சுவர் எப்படி எழும்பும்? ஏழு நாளும் போகிறவர் ஆறு மாதம் கழித்துக் கண்ணாடி முன் நின்று, "நமக்கு உடல்வாகு இல்லை" என்று விட்டுவிடுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இந்தக் கணக்கை வைத்திய முறையில் எழுதிக் காட்டியவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க இராணுவ டாக்டர். இரண்டாம் உலக யுத்தத்தில் காலில் அடிபட்டு, தொடைத் தசை சூம்பிப்போன சிப்பாய்களுக்கு அவர் சிகாகோ நகரில் சிகிச்சை செய்தார். லேசான பளுவைப் பல தடவை தூக்கச் செய்வதுதான் அதுவரை வழக்கம். அவரோ கனமான பளுவைக் குறைந்த தடவை தூக்கச் செய்து, அதன் பலனை 1945-ல் பிரசுரித்தார். தொடக்கத்தில் பத்துப் பத்துத் தடவையாக ஏழு முதல் பத்துச் செட் வரை செய்வித்தார். பிறகு அது மிகை என்று கண்டு, 1948-ல் வாட்கின்ஸ் என்ற டாக்டருடன் சேர்ந்து மூன்று செட்டாகக் குறைத்தார். வேலையைக் குறைத்தும் பலன் குறையவில்லை என்பதை வாலிபர்கள் கவனிக்க வேண்டும்.

அவருடைய கணக்கு எளியது. பத்துத் தடவைக்கு மேல் தூக்க முடியாத பளு எது என்று முதலில் கண்டுகொள்ள வேண்டும். அது 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முதல் செட் அதில் பாதி, 20 கிலோ. அடுத்தது முக்கால், 30 கிலோ. கடைசி முழுப் பளு, 40 கிலோ. ஒவ்வொன்றும் பத்துத் தடவை. கடைசிச் செட்டில் பத்தைத் தாண்டித் தூக்க முடிகிற நாள் வந்தால் பளுவைக் கூட்ட வேண்டும். இன்று பயிற்சி தருகிறவர்கள் இதில் சில மாற்றங்கள் செய்திருக்கிறார்கள். லேசான செட்டுகளைத் தேகத்தைச் சூடேற்ற மட்டும் வைத்துக்கொண்டு, கனமான செட்டுகளை இரண்டு மூன்றாக்குகிறார்கள். அடிப்படை அதேதான்.

நம் கடைச் சிப்பந்திக்கு ஏற்ற வார ஒழுங்கு என்ன? ஜொகூரில் 2025 ஜனவரி 1 முதல் வார விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறிவிட்டது. அந்த இரண்டு நாளும் கடையில் கூட்டம். காலில் நிற்கவே நேரம் சரியாக இருக்கும். ஆகையால் திங்கள், புதன், வெள்ளி என்று மூன்று நாள் பளுவுக்கு ஒதுக்கி, மற்ற நாட்களை விட்டுவிடுவது நல்லது. மூன்று நாள் முடியாதவருக்குத் திங்களும் வியாழனும் போதும். வாரத்தில் குறைந்தது இரண்டு நாளாவது பெரிய தசைகள் அனைத்துக்கும் வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனமும் 2020-ல் கூறியிருக்கிறது.

ஒவ்வொரு நாளும் தேகம் முழுவதற்கும் வேலை கொடுக்க வேண்டும். தோளில் பாரைத் தாங்கிப் பஸ்கி போடுவது ஒன்று. பெஞ்சில் படுத்து மேலே தள்ளுவது ஒன்று. குனிந்து நின்று வயிற்றை நோக்கி இழுப்பது ஒன்று. முதுகை நேராக வைத்துத் தரையிலிருந்து தூக்குவது ஒன்று. நின்றபடி தலைக்கு மேல் தள்ளுவது ஒன்று. இந்த ஐந்தும் தெரிந்தால் நம் தேவைக்குப் போதும். தரையிலிருந்து தூக்குவது மற்றவற்றைவிட அதிகம் களைக்கச் செய்வதால் வாரம் ஒரு தரம் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் மூன்று செட், செட்டுக்கு 8 முதல் 12 தடவை, இடையில் இரண்டு நிமிஷ இளைப்பாறல் என்று செய்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இன்னும் ஒன்றிரண்டு தடவை தூக்க முடியும் என்ற நிலையிலேயே பளுவை வைத்துவிட வேண்டும். எல்லாச் செட்டிலும் 12 வந்துவிட்டால் அடுத்த முறை இரண்டரைக் கிலோ கூட்டலாம்.

திங்கட்கிழமை நெஞ்சு, செவ்வாய்க்கிழமை கை என்று நாளுக்கு ஓர் அங்கமாகப் பிரிக்கும் முறையும் நடப்பில் உள்ளது. அதில் பிழை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் திடீரென்று சரக்கு லாரி வந்து, ஒரு நாள் போக முடியாமல் போனால், அந்த அங்கத்துக்கு அந்த வாரம் முழுவதும் வேலை இல்லை. முழுத் தேக முறையில் ஒரு நாள் தவறினாலும் எந்தத் தசையும் பட்டினி கிடப்பதில்லை. நம் தொழிலுக்கு இதுவே ஒத்துவரும்.

பேரேடு எழுதத் தெரிந்த நமக்கு ஒரு சிறு நோட்டுப் புத்தகம் பாரமல்ல. தேதி, பளு, எத்தனை தடவை, முதல் நாள் எத்தனை மணி நேரம் உறங்கினோம் என்ற நான்கு கலம் போதும். இரண்டு மூன்று வாரமாகப் பளு ஏறாமல், உறக்கக் கலத்தில் ஐந்து ஐந்தாக விழுந்திருந்தால், கோளாறு எங்கே என்று வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தரம் ஒரு வாரம் செட்டுகளைப் பாதியாக்கி லேசாகச் செய்வது பலருக்கு ஒத்துக்கொள்கிறது.

பெரிய வீரர்களும் ஓய்வின் கணக்கிலிருந்து தப்பியவர்கள் அல்லர். வேலூர் சதீஷ் குமார் சிவலிங்கத்தைப் பத்திரிகை படிப்பவர்கள் அறிவார்கள். தந்தை இராணுவத்தில் இருந்தவர். அவரும் பளு தூக்கியவர். சதீஷ் 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் 77 கிலோப் பிரிவில் ஒன்றில் 149 கிலோவும் மற்றதில் 179 கிலோவும், ஆக 328 கிலோ தூக்கித் தங்கப் பதக்கம் பெற்றார். 2018-ல் கோல்ட் கோஸ்ட் விளையாட்டுக்குப் போகுமுன் தேசியப் போட்டியில் தொடைத் தசையில் காயம்பட்டது. அது முழுவதும் ஆறாத நிலையில் 144, 173 என்று மொத்தம் 317 கிலோவோடு நின்று, மறுபடியும் தங்கம் வென்றார். நான்கு வருஷத்துக்கு முன் தூக்கியதைவிட 11 கிலோ குறைவு. பழைய எண்ணை எட்டியே தீருவேன் என்று அந்தத் தொடையோடு பிடிவாதம் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ! அன்றைய தேகத்துக்கு அன்றைய பளு.

வயதானவர்கள் இதை வாலிபர் சமாசாரம் என்று புரட்டிவிட வேண்டாம். முப்பது வயதுக்கு மேல் பயிற்சி இல்லாத தேகம் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசையை இழக்கிறது. கல்லாவில் அமர்ந்தே ஐம்பதைத் தொட்டவர் மாடிப்படியில் மூச்சு வாங்குவதற்கு வயது மட்டும் காரணமல்ல. அமெரிக்காவில் பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில், தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கனமான பளுவில் கால் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியதாக 1990-ல் பிரசுரமாயிற்று. தொண்ணூறுக்கு முடிந்தது ஐம்பதுக்கு முடியாதா? சர்க்கரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023-ம் வருஷத்துச் சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 சதவீதம் பேருக்கு நீரிழிவு காணப்பட்டது. இரத்தத்திலுள்ள சர்க்கரையை அதிகமாக வாங்கிச் செலவழிக்கும் இடம் தசை. ஆனால் நீரிழிவுக்கு மருந்தோ ஊசியோ எடுப்பவர்கள், இரத்தக் கொதிப்பும் நெஞ்சு வலியும் உள்ளவர்கள், முதலில் டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும். தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. தள்ளும்போது வெளியே விட வேண்டும்.

ஆகார விஷயத்தை நீட்ட விரும்பவில்லை. தசை வளர்ப்பவருக்கு அவர் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் புரதம் வரை பலன் தருகிறது. அதற்கு மேல் உண்பதால் பெரும்பாலோருக்குக் கூடுதல் பலன் இல்லை. 60 கிலோ உள்ளவருக்கு ஏறக்குறைய 96 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் மீனிலும் தெம்பேயிலும் தலைக்கு 20 கிராம் வாக்கில் இருக்கும். கோழி, பருப்பு, பால் எல்லாம் நம் வீட்டில் உள்ளவைதாம். இரவு ரொட்டி சானாயும் தே தாரேக்கும் வயிற்றை நிரப்பும். தசைக்கு அதிகம் கொடுக்கா. டப்பாவில் விற்கும் புரதத் தூள் வசதிக்காக உள்ளது, கட்டாயமல்ல. வாங்குபவர் ஹலால் முத்திரையைப் பார்த்து வாங்கட்டும். சீக்கிரம் உடம்பு ஏறும் என்று கைமாற்றாக விற்கப்படும் ஊசியையும் மாத்திரையையும் தொடவே வேண்டாம். அவை இருதயத்தையும் ஆண்மையையும் கெடுக்கும்.

இனி முதலாளிமார்களிடம் ஒரு வார்த்தை. இரவு பதினொரு மணிக்குக் கடையடைத்து, ஜிம்முக்குப் போய் ஒரு மணிக்குப் படுத்து, சுபுஹுக்கு எழும் பையன் எத்தனை மணி உறங்குகிறான்? ஐந்துகூட இல்லை. தேகத்துக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். கட்டுமானத்தின் பெரும் பகுதிக்கு வேண்டிய அமைதி அந்த உறக்கத்தில்தான் கிடைக்கிறது. ஆகவே பளு தூக்கும் நாட்களில் அவனை ஒரு மணி நேரம் முன்னதாக விட்டால் என்ன? அல்லது அஸருக்குப் பின் கூட்டம் குறைந்த நேரத்தில் போய்வரச் சொல்லலாமே. வாரம் ஒரு முழு நாள் ஓய்வு என்பது 1955-ம் வருஷத்து வேலைச் சட்டத்தில் உள்ளது. வாரத்துக்கு 45 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று 2023 ஜனவரி முதல் அது திருத்தப்பட்டும் இருக்கிறது. "சொந்தக்காரப் பையன்தானே" என்று அந்த ஒரு நாளையும் பிடித்துக்கொள்ளும் கடைகள் நம்மிடையே இல்லாமலில்லை. அந்தப் பையனுக்கு ஜிம் எதற்கு, அவனுடைய இடுப்பே ஐந்து வருஷம் தாங்காது.

நோன்பு மாதத்தில் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். அந்த மாதத்தில் தசையை ஏற்றப் பார்க்க வேண்டாம். உள்ளதைக் காத்தால் போதும். காப்பதற்கு வளர்ப்பதைவிட மிகக் குறைந்த வேலை போதுமானது. பளுவைக் குறைக்காமல் செட்டை மட்டும் மூன்றிலிருந்து ஒன்று இரண்டாகக் குறைத்து, வாரம் இரண்டு நாள் செய்யலாம். நேரம், நோன்பு திறந்து தராவீஹ் முடிந்த பின். பகலில் தாகத்தோடு வியர்க்க வியர்க்கத் தூக்குவது நல்லதல்ல. சஹரில் முட்டையோ மீனோ ஏதாவது ஒன்று இருக்கட்டும்.

பெருநாள் கழிந்ததும் விட்டதைப் பிடிக்கும் வேகம் வரும். அப்போதுதான் அதிக ஜாக்கிரதை வேண்டும். பழைய பளுவில் முக்கால் பங்கில் தொடங்கி, இரண்டு வாரத்தில் பழைய இடத்துக்கு வரலாம். இடைவெளி விட்ட தேகத்தை ஒரே நாளில் அளவுக்கு மீறிக் கசக்கினால் தசை நார் சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்குவதுண்டு. மறுநாளோ மூன்றாம் நாளோ தசை மிகவும் வீங்கி வலித்து, சிறுநீர் பால் விடாத தேநீர் நிறத்தில் போனால், தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். அந்த மணியே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.