ஏரித்தண்ணி மருந்தல்ல, தம்பி

மீஞ்சூர்

அன்புள்ள தம்பிக்கு,

அத்தை எழுதுவது. இங்கே மாமாவும் பிள்ளைகளும் நலம். உன் நலத்தைக் கேட்க வேண்டியதில்லை; உன் மனைவி அனுப்பிய போட்டோவிலேயே தெரிகிறது. கால் பெருவிரல் நகத்தோரம் பளபளவென்று வீங்கி, மடிப்பில் மஞ்சளாய்ச் சீழ் கோத்திருக்கிறது. சிப்பி ஓடு கிழித்து நாலு நாளாகிறதாம். போனில் சொன்னால் "சரி அத்தை" என்று வைத்துவிடுவாய். அதனால் மாமா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

"உப்புத்தண்ணியில் நின்றால் தானே ஆறிடும்" என்றாயாம். அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. உங்கப்பாவும் இதையேதான் சொன்னார். தை மாதம் விரலில் ஆரம்பித்தது; மாசி மகத்துக்கு அண்ணனைக் கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டுதான் போனோம். மற்றதெல்லாம் உனக்கே தெரியும். உப்பு நல்லது, உப்பு நல்லது என்று அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னவர்கள் ஒருத்தரும் ஆஸ்பத்திரி வாசலுக்கு வரவில்லை. அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

நன்றாகக் கேள். நம் பழவேற்காடு ஏரி, முகத்துவாரம் வழியாக வரும் கடல்நீரும் ஆரணியாற்றுத் தண்ணியும் கலந்தது. இப்படி மிதமான உப்பும் வெதுவெதுப்பும் உள்ள தண்ணீர்தான் விப்ரியோ என்ற கிருமிக்குப் பிடித்த இடம். காலரா கிருமிக்கு அது பங்காளி. இறால் முள், கெளுத்தி முள், சிப்பி ஓடு கிழித்த சின்னக் காயம் வழியாக உள்ளே போகும். சர்க்கரை உள்ளவர்களுக்கும், குடித்து ஈரல் கெட்டவர்களுக்கும் ஒன்றிரண்டு நாளிலேயே காலெல்லாம் பரவி உயிருக்கே உலை வைக்கும். எல்லாருக்கும் அப்படி ஆகாது. ஆனால் மக்களைத் தேடி மருத்துவத்தில் வரும் பெண் உனக்குச் சர்க்கரை என்று மாத்திரை கொடுத்துவிட்டுப் போனாளே, அதை நீ ஒழுங்காகப் போடுகிறாயா? அந்தத் திட்டம் 2021-ல் வந்தது. உங்கப்பா காலத்தில் வீடு தேடி வந்து சர்க்கரை பார்க்க ஆளில்லை. உனக்கு இருக்கிறது.

"வலியே இல்லை அத்தை" என்கிறாய். அதுதான் எனக்குப் பயம். சர்க்கரையில் பாதம் மரத்துப்போகும். உள்ளே அழுகினாலும் உறைக்காது.

டாக்டரிடம் போகும்வரை வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கொதிக்க வைத்து ஆறவிட்ட தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். காலை வைத்துச் சூடு பார்க்காதே. உன் மனைவி முழங்கையால் தொட்டுப் பார்க்கட்டும். மரத்த கால் வெந்தாலும் உனக்குத் தெரியாது. சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் ஒற்றித் துடைத்து, சுத்தமான துணியால் தளர்வாகக் கட்டு. தலையணை மேல் காலைத் தூக்கி வை. சிவந்திருக்கும் இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு வை. சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டினாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ, தொடையிடுக்கில் நெறி கட்டினாலோ, கொப்புளம் போட்டாலோ, விரல் கறுத்தாலோ விடியும்வரை காத்திருக்காதே. அந்த நிமிஷமே 108-ஐக் கூப்பிடு.

பிளேடால் கீறிச் சீழ் எடுக்க யாரையும் விடாதே. மஞ்சள் சுண்ணாம்புப் பற்று வேண்டாம், எலுமிச்சம்பழம் செருகுவதும் வேண்டாம். மெடிக்கலில் கேட்டு வாங்கும் இரண்டு மாத்திரையும் வேண்டாம். டாக்டரைப் பார்த்ததும் முதல் வார்த்தையாக "ஏரியில் பட்ட காயம், எனக்குச் சர்க்கரை இருக்கிறது" என்று சொல். சாதாரணப் புண்ணுக்குத் தரும் மருந்து ஏரிக் காயத்துக்குப் போதாமல் போகலாம். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டாய் என்பதையும் சொல்.

இந்த வாரம் ஏரியில் வலை போடும் முறை, உன் பாடு, என்பது எனக்குத் தெரியாமலில்லை. இறால் நன்றாக விழும் நேரம், சங்கத்துக் கடன் வேறு. ஒருத்தருக்கும் முறை தவறக்கூடாது என்றுதான் நம் பெரியவர்கள் பாட்டை வரிசை வைத்துப் பிரித்தார்கள். பாடு மறுபடியும் வரும். போன விரல் வராது. ஆறும்வரை நீ தண்ணியில் இறங்கக் கூடாது. ஆறிய பிறகும் வெறுங்காலோடு இறங்காதே.

பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுவதா, பொன்னேரி அரசு ஆஸ்பத்திரிக்குப் போவதா என்பது உன் விருப்பம். நீ பெரியவன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், நான் கட்டாயப்படுத்த மாட்டேன். மாமா பைக்கோடுதான் வந்திருக்கிறார். பொன்னேரி என்றால் சீழைக் கீற வேண்டியிருந்தாலும் அங்கேயே பார்ப்பார்கள். இதைப் படித்து முடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பு.

நிறையத் திட்டிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே ராசா. நீ பொறுப்பான பிள்ளை, ஊரே சொல்லும். அண்ணி போன பிறகு தங்கச்சியைக் கரைசேர்த்தவன் நீ. எங்கண்ணன் இருந்திருந்தால் பூரித்துப்போயிருப்பார். கால் ஆறியதும் குடும்பத்தோடு வா, உனக்குப் பிடித்த நண்டுக் குழம்பு வைக்கிறேன். வாரம் முழுக்க இருந்துவிட்டுப் போ. குழந்தைகளுக்கு என் முத்தம்.

டாக்டர் பார்த்து முடித்ததும், அவர் என்ன சொன்னார் என்று அங்கிருந்தே எனக்குப் போன் போடு. சொன்னதில் ஒரு வார்த்தையும் மறைக்காதே.

உன் அன்பு
அத்தை