கண்ணோரத் தோல் சாப்பிடுமா?

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூர்க் கடைகளில் கண் கிரீம் தேடி வருகிறவர்களை இரண்டு விதமாகப் பிரிக்கலாம். சங்கரா பல்கலைக்கழகம், மீனாட்சி மருத்துவக் கல்லூரி விடுதிப் பிள்ளைகள் போனில் பார்த்து வைத்திருக்கும் பெயரைச் சொல்லியே கேட்பார்கள்: ரெட்டினால் இருக்கா, கஃபீன் இருக்கா. தறி வீட்டுப் பெண்களும், ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிற பெண்களும் பெயர் எதுவும் சொல்ல மாட்டார்கள். "கண்ணுக்குக் கீழ காஞ்சு போய்க் கெடக்குண்ணே, எதப் போட்டாலும் எரியுது, ஏதாவது குடுங்க" என்பதோடு சரி. என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது கூட்டம்தான் சரியான இடத்தில் ஆரம்பிக்கிறது. எந்த கிரீம் என்பதற்கு முன்னால் தோலுக்கு என்ன ஆகியிருக்கிறது என்று தெரிய வேண்டும்.

இமைத் தோல் உடம்பிலேயே மெல்லியது, ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். அடியில் கொழுப்பு அடுக்கு இல்லை. தோலில் எண்ணெய்ச் சுரப்பிகளும் குறைவு. அதனால் உள்ளிருக்கும் ஈரம் சீக்கிரம் போய்விடும், வெளியிலிருந்து தடவுவது சீக்கிரம் உள்ளே இறங்கிவிடும். நல்லதும் இறங்கும், கெட்டதும் இறங்கும். இது மனதில் இருந்தால் கடைவாசலில் கேட்கிற பேச்சில் பாதி தானாகவே அடிபட்டுப் போகும்.

"நல்ல கிரீம் தோலுக்குச் சாப்பாடு மாதிரி, ஊட்டம் கொடுக்கும்"

விளம்பரம் சொல்லிச் சொல்லி ஊறிப்போன எண்ணம் இது. தோலுக்குச் சாப்பாடு போடுவது அடியில் ஓடும் ரத்தம். நாம் கிரீம் தடவுகிற மேலடுக்கு செத்த செல்களால் ஆனது, அது எதையும் சாப்பிடாது. அந்தச் செல்களுக்கு நடுவே செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த ஒரு கொழுப்புப் பூச்சு உண்டு. வறண்ட தோலில் அது குறைந்துபோய், ஊடையை நெருக்கி அடிக்காத துணி போலச் சந்து விட்டுவிடும். ஈரம் அந்தச் சந்து வழியே வெளியேறுகிறது. சோப்பும் வாசனைப் பொருளும் அதே சந்து வழியே நுழைந்து எரிய வைக்கின்றன. வறட்சி வேறு, சென்சிடிவ் ஸ்கின் வேறு என்று இரண்டு கிரீம் வாங்குகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

இந்த ஊட்டக் கதையில் காஞ்சிபுரத்துக்கு ஒரு தனிப் பங்கு இருக்கிறது. விலை கூடின கண் கிரீம்களில் 'சில்க் புரோட்டீன்' என்றும் 'செரிசின்' என்றும் போட்டிருப்பார்கள். செரிசின் என்பது கச்சாப் பட்டின் மேல் இருக்கும் பிசின். புழு கூடு கட்டும்போது தான் விடுகிற இரண்டு இழைகளையும் ஒட்டுவதற்குச் சுரக்கும் பசை அது. கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு அந்தப் பசைதான். சாயம் ஏற்றுவதற்கு முன் சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் நூலை வேகவைத்து அதை நீக்கினால்தான் பட்டுக்கு மினுமினுப்பும் மென்மையும் வரும். ஒரு கிலோ கச்சா நூல் போட்டால் முக்கால் கிலோ போலத் திரும்பி வருவது ஏன் என்று இந்தத் தொழிலில் இருக்கிற எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாம் காலகாலமாகக் கழிவுநீரோடு ஊற்றிய பொருளைத்தான் அழகுசாதனக் கம்பெனிகள் சுத்திகரித்து, மில்லிக் கணக்கில் விற்கின்றன.

செரிசின் மோசமான பொருளில்லை. ஈரத்தை நன்றாகப் பிடித்து வைக்கும், காய்ந்ததும் மெல்லிய படலமாக நிற்கும், தோல் வழுவழுவென்று தெரியும். ஆனால் உள்ளே போய் எதையும் வளர்க்காது. 2000-ஆம் ஆண்டு போஸ், மைனார்டி என்ற இரண்டு ஆய்வாளர்கள் முன்வைத்த கணக்கு ஒன்று தோல் மருத்துவத்தில் இன்றும் புழங்குகிறது: 500 டால்டனுக்கு மேல் எடையுள்ள மூலக்கூறு, கெடாத தோலைத் தாண்டி உள்ளே போவது கடினம். செரிசின் பல ஆயிரம் டால்டன். கொலாஜன் ஏறக்குறைய 3 லட்சம். கொலாஜன் கிரீம் பூசினால் கன்னத்திலும் கண்ணோரத்திலும் கொலாஜன் கூடும் என்கிற பேச்சை இந்த ஒரு கணக்கை வைத்தே தள்ளிவிடலாம்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு விதிப்படி 1 சதவீதத்துக்கு மேல் சேர்த்த பொருள்களை அளவு குறைந்துகொண்டே போகிற வரிசையில் அச்சிட வேண்டும். டப்பாவின் முன்பக்கம் பெரிய எழுத்தில் பட்டு என்று இருக்கும். பின்பக்கப் பட்டியலில் அது வாசனைப் பொருளுக்கும் கீழே, கடைசி வரியில் ஒண்டிக்கொண்டிருக்கும். பட்டின் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறவர்களை நமக்குப் பழக்கமில்லையா என்ன.

அப்படியானால் எதைத் தேடுவது? ஈரத்தை இழுத்து வைக்கக் கிளிசரின். சந்துகளை அடைக்கச் செராமைடு. ஈரம் தப்பாமல் மேலே மூட பெட்ரோலேட்டம், டைமெத்திகோன், ஸ்குவாலேன் இவற்றில் ஏதோ ஒன்று. பட்டியலின் முதல் சில பெயர்களில் இவை வந்துவிட்டால் வறண்ட கண்ணோரத்துக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. பெட்ரோலேட்டம் என்பது வேறொன்றுமில்லை, பெட்ரோலியம் ஜெல்லி. அமெரிக்கர் ராபர்ட் செஸ்ப்ரோ 1872-இல் காப்புரிமை வாங்கிய சரக்கு. பிசுபிசுவென்று இருக்கும், அழகான டப்பாவில் வராது. ஆனால் ஈரத்தைத் தடுத்து நிறுத்துவதில் அதற்குப் பிறகு வந்த பெரிய பெயர்கள் பலவும் அதற்குப் பின்னால்தான் நிற்கின்றன. இரவில் முகம் கழுவி, ஈரம் முழுதும் காய்வதற்குள், இரண்டு கண்ணுக்கும் சேர்த்து மிளகளவு எடுத்து, கண்குழியைச் சுற்றியுள்ள எலும்பின் மேல் ஒற்றினால் போதும். இமை விளிம்புவரை தேய்க்கத் தேவையில்லை. அது கண்ணுக்குள் போய்ப் பார்வையை மங்கலாக்கும்.

"கண்ணுக்குன்னு தனி கிரீம்தான் போடணும்"

கட்டாயமில்லை. 15 மில்லி டியூபில் வருகிற கண் கிரீமையும் அதே கம்பெனியின் வாசனையில்லாத முக மாய்ஸ்சரைசரையும் திருப்பிப் படித்துப் பாருங்கள், பல நேரம் பட்டியல் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். முகத்துக்குப் போடுவது வாசனை, ஆல்கஹால், பழ அமிலம் எதுவும் இல்லாததாக இருந்தால் கண்ணோரத்துக்கும் அதுவே போதும்.

"ஹைப்போஅலர்ஜெனிக்னு போட்டிருக்கு, ஒண்ணும் பண்ணாது"

இந்தப் பேருக்கு ஒரு சட்டக் கதை உண்டு. 1975-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ஒரு விதி கொண்டுவந்தது: ஒவ்வாமை குறைவு என்று போட வேண்டுமானால் ஆட்களிடம் சோதித்துக் காட்ட வேண்டும். ஆல்மே, கிளினிக் என்ற இரண்டு அழகுசாதனக் கம்பெனிகள் வழக்குப் போட்டன. 1977-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. அன்றிலிருந்து அங்கே அந்த வார்த்தைக்குக் கம்பெனி என்ன பொருள் வைத்ததோ அதுதான் பொருள். 'டெர்மட்டாலஜிஸ்ட் டெஸ்டட்' என்பதும் அப்படித்தான். சோதித்தார்கள் என்கிறதே ஒழிய, முடிவு என்ன என்று சொல்லவில்லை, பாருங்கள்.

நம் கையிலேயே ஒரு சோதனை இருக்கிறது. வாங்கியதை முழங்கையின் உள்மடிப்புக்குச் சற்றுக் கீழே, காலையும் மாலையும் ஒரு வாரம் தடவிப் பாருங்கள். சிவப்பு, அரிப்பு இல்லையென்றால் கண்ணோரம் கொண்டுபோங்கள். ஒரே ராத்திரி காதுக்குப் பின்னால் தடவிப் பார்ப்பது பெரும்பாலும் போதாது; ஒவ்வாமை பல நேரம் சில நாள் கழித்துத்தான் தலைகாட்டும்.

"வீட்டுப் பொருளுக்குப் பக்கவிளைவு கிடையாது"

எலுமிச்சைச் சாறு கண்ணோரம் போகவே கூடாது. அமிலம் எரிக்கும் என்பது ஒரு பக்கம். சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் கொப்புளித்துக் கருத்துப்போவதும் உண்டு. கருவளையத்துக்காகப் பூசியவருக்குக் கருப்பு கூடித்தான் போகும். மஞ்சள் சிலருக்கு ஒவ்வாது. முல்தானி மிட்டி இருக்கிற எண்ணெய்ப் பசையையும் உறிஞ்சிவிடும். வெள்ளரித் துண்டு வைத்தால் வீக்கம் வடிகிறது என்பது மெய்தான். அந்த வேலையைச் செய்வது குளிர்ச்சி. நனைத்துப் பிழிந்த துணி வைத்தாலும் அதே பலன்.

தேங்காய் எண்ணெய்க்கு மட்டும் நான் கொஞ்சம் வக்காலத்து வாங்குவேன். 2004-இல் பிலிப்பைன்ஸில் வறண்ட தோல்காரர்களிடம் அதையும் மினரல் ஆயிலையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் இரண்டும் சமமாகவே ஈரம் காத்தன. ஆலிவ் எண்ணெய்க்கு அந்த நற்சான்று கிடைக்கவில்லை. 2013-இல் வந்த ஒரு இங்கிலாந்து ஆய்வில் அது தோலின் காப்பைக் குலைப்பதாகத் தெரிந்தது. விளக்கெண்ணெயைக் கண்ணுக்குள்ளேயே விடுகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. கண் வறட்சிக்கான சில சொட்டு மருந்துகளில் விளக்கெண்ணெய் இருப்பதும் உண்மை. ஆனால் அது சுத்திகரித்து, கிருமி நீக்கியது. மளிகைக் கடை எண்ணெய் அப்படியல்ல.

"எரிஞ்சாதான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்"

இந்தப் பட்டியலில் அதிகம் கெடுதல் செய்வது இதுதான். எரிச்சல் என்பது தோல் தாங்கவில்லை என்கிற முறையீடு. ரெட்டினாலுக்குச் சுருக்கத்தைக் குறைக்கிற திறன் உண்டு. ஆனால் ஏற்கெனவே காய்ந்து வெடித்திருக்கும் கண்ணோரத்தில் அதை ஏற்றினால் உரிந்து புண்ணாகும். முதலில் வறட்சி ஆறட்டும்; கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எரிகிற தோலோடு மெடிக்கல் ஷாப்புக்குப் போனால் இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது: இருபது, முப்பது ரூபாய்க்கு ஒரு சின்ன டியூப். இரண்டே நாளில் சிவப்பு போகும், தோல் பளிச்சென்று ஆகும். உள்ளே பீட்டாமெத்தசோனோ குளோபெட்டசாலோ மொமெட்டசோனோ இருக்கும், எல்லாம் ஸ்டீராய்டு. நிறுத்தினால் பழையதைவிட மோசமாகத் திரும்பி வரும், மறுபடி தடவத் தோன்றும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து ரத்தநாளம் தெரியும். கண்ணுக்கு இவ்வளவு பக்கத்தில் போடும்போது கண் அழுத்தம் கூடவும் புரை விழவும் வாய்ப்புண்டு. இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் பல ஆண்டுகள் குரல் கொடுத்த பிறகு, 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனால் ஒருத்தி சொல்ல இன்னொருத்தி வாங்குவது நின்றபாடில்லை.

கருவளையத்துக்குச் சிவப்பழகு கிரீம் தடவுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2023-இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் சிறுநீரகம் கெட்டு வந்தவர்களை விசாரித்தபோது, அவர்களில் பலர் பாதரசம் கலந்த சிவப்பழகு கிரீம் பூசியவர்கள் என்று கோட்டக்கல் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். முகவரி இல்லாத டப்பா, பட்டியல் அச்சிடாத டப்பா எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். நம் 2020 அழகுசாதன விதிகளில் ஒரு விசித்திரம்: மற்ற அழகுசாதனங்களில் தற்செயலாகக் கலந்த பாதரசம் 10 லட்சத்தில் 1 பங்குக்கு மேல் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டு, கண்ணுக்குப் போடுவதில் மட்டும் கெடாமல் காக்கும் பொருளாக 70 பங்குவரை விட்டுவைத்தார்கள். பட்டியலில் 'தைமெரோசால்', 'ஃபீனைல் மெர்குரிக்' என்று எங்காவது கண்டால் கீழே வைத்துவிடுங்கள்.

"கண்ணோரம் அரிக்குதுன்னா கண்ணோரம் போட்டதுதான் காரணம்"

பல நேரம் குற்றவாளி வேறெங்கோ இருக்கும். நகத்துக்குப் பூசிய பாலிஷ் விரலில் ஒன்றும் செய்யாது. அந்த விரல் ஒரு நாளில் எத்தனையோ தடவை கண்ணைத் தொடும், மெல்லிய இமைத் தோல்தான் முதலில் வீங்கும். தலைமுடிச் சாயத்தில் இருக்கும் பிபிடி என்கிற ரசாயனமும் அப்படியே. தலையில் லேசான அரிப்பு, மறுநாள் காலையில் கண் திறக்க முடியாத வீக்கம். கல்யாண வீட்டில் சட்டென்று பிடிக்க வேண்டும் என்று போடும் கருப்பு மெஹந்தியிலும் பெரும்பாலும் அதுவே இருக்கிறது. ஷாம்பு வழிந்து வருவது, கண்மையை அழிக்கச் சோப்புப் போட்டுத் தேய்ப்பது, சாயப்பட்டறையில் வேலை பார்த்த கையோடு முகம் துடைப்பது என்று எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகுதான் கிரீமைக் குறை சொல்ல வேண்டும்.

தறியில் இருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. கோர்வை போடும்போதும் சரிகை இழை பார்க்கும்போதும் கண் இமைப்பது குறைந்துவிடும்; போன் பார்க்கும் பிள்ளைகளுக்கும் அதேதான். எரிவது தோல் அல்ல, கண்ணீர்ப் படலம் காய்ந்த கண். வெளியே எவ்வளவு கிரீம் பூசினாலும் அது அடங்காது. அடிக்கடி கண்ணை மூடித் திறப்பதும், கண் மருத்துவர் தருகிற செயற்கைக் கண்ணீரும்தான் வழி.

"தூங்கினா கருவளையம் போயிடும், இல்லாட்டி கிரீம் போட்டா போயிடும்"

நம் நிறத்தவர்களுக்கு இது பெரும்பாலும் வீட்டுச் சொத்து. 2014-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் கருவளையம் உள்ள 200 பேரைப் பார்த்ததில் பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்கு அது உடல்வாகாக வந்தது. அம்மாவின் பழைய கல்யாண போட்டோவை எடுத்துப் பார்த்தாலே விடை கிடைக்கும். கண்ணுக்குக் கீழே தோலை மெல்ல இழுத்துப் பாருங்கள்: கருப்பு அப்படியே இருந்தால் நிறமி, மறைந்தால் குழி விழுந்த நிழல். நிழலை எந்த கிரீமும் அகற்றாது. கஃபீன் கலந்தது காலை வீக்கத்தைச் சில மணி நேரம் வடியவைக்கும், அவ்வளவுதான். தும்மலும் மூக்கடைப்புமாகத் திரிகிறவர்கள் கண்ணைக் கசக்கிக் கசக்கியே கருப்பாக்கிக் கொள்கிறார்கள்; அவர்களுக்கு முதலில் வேண்டியது ஒவ்வாமைக்கு மருந்து.

வாசனையில்லாத ஒரே கிரீமை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் நிறுத்திப் பாருங்கள். இரண்டு மூன்று வாரத்திலும் அடங்காமல், தடித்து, நீர் கசிந்தால் தோல் மருத்துவரிடம் போக வேண்டும். ஏனாத்தூரிலேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, காஞ்சிபுரம் டவுனில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. முதுகில் ஒட்டிப் பார்க்கிற பேட்ச் டெஸ்ட் எங்கே செய்வார்கள் என்று அங்கேயே கேட்கலாம். போகும்போது வீட்டில் இருக்கிற டியூப், டப்பா, கண்மை, நெயில் பாலிஷ், தலைச்சாயப் பாக்கெட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். மெடிக்கல் ஷாப்பில் வாங்கின அந்தச் சின்ன டியூபை மறைக்காதீர்கள்; டாக்டர் முதலில் தேடுவது அதைத்தான்.