விற்றமின் ஈ: சாப்பாட்டிலா, குளிசையிலா?



மிசிசாகாவில் ஒரு அம்மாவுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். "எடுக்கும் மருந்துகள்" என்ற இடம் வந்ததும் போத்தல்களைக் கொண்டுவந்து வைத்தார். இரத்தம் உறையாமல் இருக்க வைத்தியர் எழுதிய வார்ஃபரினுக்குப் பக்கத்தில் பெரிய விற்றமின் ஈ போத்தல் ஒன்றும் இருந்தது.

"இதை டொக்டரிட்ட சொன்னீங்களோ அம்மா?"

"இது மருந்தில்லையே பிள்ளை, வெறும் விற்றமின் தானே! இதயத்துக்கு நல்லதெண்டு மகள் வாங்கித் தந்தவ."

இந்தப் பதிலைப் பல வீடுகளில் கேட்டுவிட்டேன். ஆகவே இம்முறை பாடம் இதுதான்.

விற்றமின் ஈ என்ன செய்கிறது?

இது கொழுப்பில் கரையும் விற்றமின். உடற்கலங்களின் மென்சவ்வு பழுதாகாமல் காக்கிறது. நோய் எதிர்ப்புச் சக்திக்கும் உதவுகிறது. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் போதும். கடுமையான குறைபாடு அரிது. கொழுப்புச் சமிக்காத நோயுள்ளவர்களுக்கே பெரும்பாலும் வரும்.

எந்தச் சாப்பாட்டில் உண்டு?

• சூரியகாந்தி விதை, ஒரு கைப்பிடி: சுமார் 7 மி.கி.
• பாதாம், ஒரு கைப்பிடி: சுமார் 7 மி.கி.
• சூரியகாந்தி எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி: 5 மி.கி.க்கு மேல்
• கச்சான், ஒரு கைப்பிடி: சுமார் 2 மி.கி.
• அவித்த பசளிக்கீரை, அரைக் கோப்பை: சுமார் 2 மி.கி.

நாங்கள் விரும்பும் தேங்காய் எண்ணெயில் இது மிகக் குறைவு.

குளிசை இதயத்தைக் காக்குமா?

இந்த நம்பிக்கை ஒன்ராறியோவில் பழையது. இங்குள்ள லண்டன் நகரத்து ஷூட் சகோதரர்கள் என்ற வைத்தியர்கள் 1940களிலேயே இதய நோய்க்கு விற்றமின் ஈ கொடுத்தார்கள். பிறகு, எங்களுக்குக் கிட்டடியில் உள்ள ஹமில்ரன் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில், கேரளாவில் பிறந்த டொக்டர் சலீம் யூசுப் தலைமையில் பெரிய ஆய்வு நடந்தது. இதய நோய் ஆபத்துள்ள 9,500க்கும் அதிகமானோரில் ஒரு பகுதியினருக்குத் தினமும் 400 யூனிட் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் குளிசை. 2000ஆம் ஆண்டில் வந்த முடிவு: மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. தொடர்ந்து பார்த்து 2005இல் வெளியிட்டபோது, விற்றமின் எடுத்தவர்களிடம் இதயம் பலவீனமடைவது சற்றுக் கூடவே காணப்பட்டது.

இயற்கை வகை 400 யூனிட் என்பது சுமார் 268 மி.கி. பதினைந்து எங்கே, இருநூற்று அறுபத்தெட்டு எங்கே! இந்த அளவில் இது இரத்தம் உறைவதையும் தடுக்கலாம். வார்ஃபரினோடு சேர்ந்தால் உள்ளே இரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து கூடும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. வைத்தியரிடம் போகும்போது விற்றமின், நாட்டு மருந்து உட்பட எல்லாப் போத்தல்களையும் ஒரு பையில் கொண்டு போங்கோ.
2. புதிதாக வாங்கமுன் மருந்துக்கடையில் பாமசிஸ்ற்றிடம் கேளுங்கோ. கேட்பதற்குக் காசில்லை.
3. வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். வைத்தியர் தந்த மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.
4. சந்தேகமென்றால் 811க்கு எந்நேரமும் அழைத்துத் தாதியுடன் பேசலாம். இலவசம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணுமெண்டு கேளுங்கோ.

அம்மாவும் நானும் அன்றே பாமசிக்குப் போனோம். அவர்கள் வைத்தியரோடு கதைத்து, விற்றமினை நிறுத்தச் சொன்னார்கள். திரும்பி வரும்போது அம்மா கேட்டார்: "அப்ப கச்சான் சாப்பிடலாமோ பிள்ளை?"

ஒவ்வாமை இல்லையென்றால், ஒரு கைப்பிடி தாராளமாகச் சாப்பிடலாம்.