யப்பானிய மொழி கற்கச் செல்லும் மாணவரும் நம் தமிழும்



ஜேர்மனியப் பாடசாலைகளில் பயிலும் மாணவர்கள் பத்தாம், பதினோராம் வகுப்புக் காலத்தில் ஓராண்டு வெளிநாடு சென்று கற்கும் வழக்கம் உண்டு. அவர்களுள் சிலர் யப்பானைத் தெரிந்தெடுக்கின்றனர். நம் பிள்ளைகள் பலர் “பாடச்சுமை கூடிவிட்டது” என்று கூறித் தமிழ்ப் பாடசாலையை விட்டு நீங்குவதும் இதே வயதில்தான். இவ்விரண்டுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். தொடர்பு உண்டு. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாணவரின் ஒரு நாள்

பரிமாற்ற மாணவர் பெரும்பாலும் ஒரு யப்பானியக் குடும்பத்துடன் தங்குவார். காலையில் வீட்டைவிட்டுப் புறப்படும்போது அவர் “இத்தெகிமாஸ்” என்று சொல்ல வேண்டும். “போய் வருகிறேன்” என்பது அதன் பொருள். வீட்டிலுள்ளோர் “போய் வாருங்கள்” என்னும் பொருள்பட “இத்தெராஷ்ஷாய்” என்பர். ஜேர்மன் மொழியின் “சூஸ்” என்ற சொல்லில் திரும்பி வருதல் என்னும் கருத்து இல்லை. “போறன் எண்டு சொல்லாதை, போயிட்டு வாறன் எண்டு சொல்லு” என்று தாயார் திருத்த வளர்ந்த பிள்ளைக்கு இவ்வழக்கம் புதிதன்று.

பாடசாலை வாயிலில் வெளிக்காலணியைக் கழற்றி, உள்ளே அணிவதற்கான காலணியை மாற்ற வேண்டும். பாடங்கள் முடிந்ததும் மாணவர்களே வகுப்பறையைக் கூட்டித் துடைப்பர். பின்னர் விளையாட்டு, இசை முதலிய கழகங்களில் பயிற்சி நடைபெறும். உணவு உண்ணுமுன் “இத்ததாகிமாஸ்”, அதாவது “பணிவுடன் பெற்றுக்கொள்கிறேன்” என்பர். நீராடும்போது தொட்டிக்கு வெளியே உடலைக் கழுவிய பின்னரே வெந்நீரில் இறங்க வேண்டும். அந்நீரையே குடும்பத்தார் அனைவரும் பயன்படுத்துவர்.

இரவுப்பொழுது எழுத்துப் பயிற்சிக்கு உரியது. ஹிரகானா 46, கதகானா 46 என்னும் அடிப்படை ஒலியெழுத்துகளைச் சில வாரங்களிற் கற்றுவிடலாம். சீனத்திலிருந்து வந்த கஞ்சி எழுத்துகளே கடினமானவை. 2010ஆம் ஆண்டு திருத்தப்பட்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் அவை 2,136 உள்ளன. முதற்சில மாதங்கள் வகுப்பில் ஒன்றும் விளங்காது, தனிமையும் வாட்டும். ஜேர்மனியில் “இல்லை” என்று நேரே மறுத்துப் பழகியவர், “சொத்தோ...” (சற்று...) என்று தொடங்கி முடிக்காமல் விடுவதே அங்கு மறுப்பாகும் என்பதை அறியவும் காலம் செல்லும்.

தமிழ் எவ்வாறு துணைசெய்யும்?

“வாதாஷி வா கக்கோ எ இகிமாஸ்” என்பது ஒரு யப்பானிய வாக்கியம். வாதாஷி – நான்; கக்கோ – பள்ளி; எ – கு; இகிமாஸ் – செல்கிறேன். “நான் பள்ளிக்குச் செல்கிறேன்” என்னும் நம் வாக்கியத்தின் ஒழுங்கே அங்கும் காணப்படுகிறது. வினை இறுதியில் நிற்கிறது; வேற்றுமையைக் காட்டும் உருபு பெயருக்குப் பின் வருகிறது. ஜேர்மன் மொழியின் இயல்பான கூற்று வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்கும். “கு” என்பதன் பொருள் தரும் சொல் பெயருக்கு முன்னே வரும்.

“தபெதெ மிரு” என்றால் “உண்டு பார்” என்பதாகும். இங்கே “பார்” என்பது கண்ணாற் காண்பதைக் குறிக்கவில்லை. முயன்று அறிதலைக் குறிக்கிறது. ஜேர்மன் மட்டும் அறிந்த மாணவருக்கு இதனை விளக்கி உரைக்க வேண்டும். தமிழறிந்தவருக்குச் சொன்னவுடனே புரியும்.

இவற்றிலும் வியப்புக்குரியது சுட்டுச்சொல். யப்பானியர் தம் அருகில் உள்ளதைக் “கொரே” என்பர். கேட்பவர் அருகில் உள்ளதைச் “சொரே” என்பர். இருவருக்கும் தொலைவில் உள்ளதை “அரே” என்பர். வினாவுக்குத் “தொரே” என்பர். நம் இலக்கண நூல்கள் அ, இ, உ என்னும் மூன்றையும் சுட்டெழுத்துகள் என்கின்றன. இது, உது, அது, எது என்னும் வரிசையை எண்ணிப் பாருங்கள். இன்றைய தமிழகப் பேச்சில் “உது” பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. யாழ்ப்பாணத் தமிழிலோ அது உயிருடன் உள்ளது. “உதென்ன கையிலை?” என்று அம்மம்மா பேரப்பிள்ளையைக் கேட்கும்போது, அந்த “உது” கேட்பவர் கையிலுள்ள பொருளைச் சுட்டுகிறது. யப்பானிய ஆசிரியர் “சொரே” என்பதை விளக்கும்போது அப்பிள்ளைக்கு அம்மம்மாவின் குரலே போதுமானது.

எழுத்து வரிசையும் இத்தகையதே. அ, இ, உ, எ, ஒ என்று உயிர்களை நிறுத்தி, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று யப்பானிய நெடுங்கணக்குச் செல்கிறது. புத்த சமயத்துடன் சென்ற வடமொழி எழுத்துக் கல்வியே இவ்வொழுங்கை அங்கு அமைத்தது. நம் நெடுங்கணக்கும் அதனை ஒத்த ஒழுங்கிலேயே செல்கிறது.

இவ்வொற்றுமைகளைக் கண்டு இரு மொழிகளும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று முடிவுசெய்துவிடலாகாது. யப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ (1919–2008) அவ்வாறு வாதிட்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அருணாசலம் சண்முகதாஸ், அவர் துணைவியார் மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோர் யப்பானில் தங்கி அவருடன் இணைந்து ஆராய்ந்தனர். எனினும் மொழியியலாளர் பெரும்பாலோர் அக்கொள்கையை ஏற்கவில்லை. வினை இறுதியில் வரும் அமைப்பு கொரிய மொழிக்கும் துருக்கி மொழிக்கும் உண்டு. உறவு உண்டோ இல்லையோ, கற்பவருக்கு ஒற்றுமை பயன் தருவது உறுதி.

ஒரு முன்னோடி

1884இல் மோரி ஓகாய் என்னும் இளம் யப்பானிய மருத்துவர் ஜேர்மனிக்குக் கற்க வந்தார். லைப்சிக், டிரெஸ்டன், மியூனிச், பேர்லின் நகரங்களில் வாழ்ந்து, நாட்குறிப்பு எழுதி, 1888இல் நாடு திரும்பினார். பிற்காலத்தில் கேத்தேயின் “பவுஸ்ட்” நாடகத்தை யப்பானிய மொழியில் ஆக்கினார். அது 1913இல் வெளிவந்தது. பேர்லினில் அவர் பெயரால் நினைவகம் உள்ளது. பிறமொழியை ஆழக் கற்றவர் தம் மொழியையும் ஆழ அறிந்திருந்தமையாலேயே அம்மொழிபெயர்ப்பு இயன்றது.

இன்று ஜேர்மனியில் வாழும் யப்பானியப் பிள்ளைகள் பலரும் நம்மைப்போலவே வாரஇறுதியில் தாய்மொழிப் பாடசாலைக்குச் செல்கின்றனர். பெற்றோர்களே, பத்தாம் வகுப்பில் தமிழை நிறுத்த எண்ணும் பிள்ளையிடம் இதனை எடுத்துக் கூறுங்கள். தமிழறிவோடு செல்லும் பிள்ளை யப்பானிய வகுப்பிற் பாதி வழியை முன்னரே கடந்திருக்கும். இங்கேயே விட்டுச்சென்றால், அவ்வழி முழுவதையும் புதிதாக நடக்க வேண்டும்.

பயிற்சி

1. உங்கள் வீட்டு மூத்தோர் “உது”, “உவர்”, “உங்கை” என்று பேசும் மூன்று வாக்கியங்களைக் கேட்டு எழுதுக.

2. “செய்து பார்”, “கேட்டுப் பார்” போன்று ஐந்து தொடர்கள் எழுதி, அவற்றை ஜேர்மன் மொழியில் எவ்வாறு சொல்வீர்கள் என ஒப்பிடுக.